மரக் கடைசல் லேத்தில் எவ்வளவு வேகம் வைக்கலாம்? குமிழைத் தொடும் முன் பார்க்க வேண்டியவை

கேட்டவர் சேலம் அஸ்தம்பட்டிக்காரர். ஓய்வு பெற்றபின், வேகத்தைக் கூட்டிக் குறைக்கும் குமிழ் வைத்த 1 எச்பி மரக் கடைசல் லேத் ஒன்று வாங்கியிருக்கிறார். ஏற்காட்டில் மச்சானின் காப்பித் தோட்டத்தில் காற்றில் சாய்ந்த சில்வர் ஓக் கட்டைகள் கிடக்கின்றன; அவற்றில் கிண்ணம் கடைய ஆசை. லேத்தையே மலைக்குக் கொண்டுபோய் வைக்கப் போகிறாராம். எந்த வேலைக்கு எவ்வளவு வேகம், வேகம் கூடினால் வழவழப்பும் கூடும் என்கிறார்களே அது உண்மையா, கைக்கும் கண்ணுக்கும் ஒன்றும் ஆகாமல் இருக்க எதைப் பார்க்க வேண்டும் என்பவை அவர் கேள்விகள். கொண்டலாம்பட்டிப் பக்கம் கடைசல் பட்டறை நடத்துகிறவன் என்ற முறையில் எனக்குத் தெரிந்ததைச் சொல்கிறேன். கொஞ்சம் நீளும்.

வழவழப்பு விஷயத்தை முதலில் முடித்துவிடலாம், ஏனென்றால் பலருக்கு ஆபத்து அங்கிருந்துதான் தொடங்குகிறது. வழவழப்பு வருவது உளியின் கூர்மையால். மழுங்கிய உளியை வைத்துக்கொண்டு வேகத்தைக் கூட்டினால் நார் பிய்ந்துதான் வரும். உளியை அழுத்தவும் வேண்டியிருக்கும். அழுத்தம் கூடக் கூட உளி உங்கள் பேச்சைக் கேட்காது. மெலிந்த கம்பு, தொட்டில் கட்டை மாதிரி வேலையில் வேகம் ஓரளவு உதவும், இல்லையென்று சொல்லவில்லை. கிண்ணத்தில் அந்தக் கணக்கு செல்லாது. உப்புத்தாள் போடும்போதும் கடைந்த வேகத்தில் பாதி போதும். வேகமாக ஓட்டினால் தாள் சூடாகி மரத்தில் மயிரிழை வெடிப்பு விழும், விரலும் சுடும்.

சரி, வேகம் எவ்வளவு? கடைசல்காரர்கள் பல நாடுகளிலும் புழங்கும் ஒரு கணக்கு உண்டு. கட்டையின் விட்டத்தை அங்குலத்தில் எடுத்துக்கொண்டு, அதை நிமிடத்துக்கு எத்தனை சுற்று என்பதால் பெருக்கினால் விடை 6000க்கும் 9000க்கும் இடையில் இருக்க வேண்டும். 10 அங்குலக் கிண்ணம் என்றால் 600 முதல் 900 சுற்று. 6 அங்குலம் என்றால் 1000 முதல் 1500. 3 அங்குல ஊஞ்சல் கால் என்றால் 2000 முதல் 3000. இந்தக் கணக்கில் 1 அங்குலக் கம்புக்கு 6000 சுற்று வரும். அங்கே கணக்கை விட்டுவிடுங்கள், சாதாரண லேத்தில் 3000க்கு மேல் போக வேண்டிய அவசியமே இல்லை. கம்பு நீளமாக இருந்தால் அதுவும் அதிகம், நடுவில் வில்லாக வளைந்து ஆட ஆரம்பிக்கும்.

இந்த எண்கள் உருண்டை பிடித்து, சமன் வந்து, வெடிப்பில்லாமல் இருக்கிற கட்டைக்கு மட்டும். சங்கிலி ரம்பத்தால் அறுத்து, பட்டையோடு, ஒரு பக்கம் கனமாக இருக்கும் கட்டையை மாட்டும்போது லேத் போகக்கூடிய மிகக் குறைந்த வேகம் எதுவோ அதில் ஆரம்பியுங்கள். பெரும்பாலான லேத்தில் அது 100க்கும் 400க்கும் இடையில் இருக்கும். அங்கிருந்து மெல்ல ஏற்றுங்கள். லேத் நடுங்கத் தொடங்கும் இடம் ஒன்று வரும். அங்கிருந்து கொஞ்சம் இறக்கி, அந்த வேகத்தில் கடையுங்கள். கட்டை உருண்டைக்கு வர வர நடுக்கம் குறையும், அப்போது ஏற்றலாம். நடுக்கத்தைத் தாண்டி ஏற்றினால் மறுபடி அமைதியாகிவிடும் என்று ஒரு யோசனை சொல்வார்கள். சில வேகங்களில் ஸ்டாண்டும் கட்டையும் சேர்ந்து ஆடுவதும், அதைத் தாண்டினால் ஆட்டம் அடங்குவதும் நடப்பதுதான். ஆனால் கட்டையின் எடை ஒரு பக்கமாக இருப்பது அப்படியேதான் இருக்கிறது. சத்தம் மட்டும் அடங்கியிருக்கிறது. அந்த யோசனையைக் கேட்காதீர்கள்.

எதற்கு இவ்வளவு கண்டிப்பு என்று தோன்றினால் ஒரு சின்னக் கணக்கு. 10 அங்குலக் கட்டை 600 சுற்றில் ஓடினால் அதன் விளிம்பு மணிக்கு ஏறக்குறைய 29 கி.மீ. வேகத்தில் போகிறது. அதே கட்டை 2500 சுற்றில் ஓடினால் விளிம்பின் வேகம் மணிக்கு 120 கி.மீ. பிய்ந்து வரும் துண்டின் அடி, வேகத்தின் வர்க்கத்துக்கு ஏற்பக் கூடும். இங்கே வேகம் நாலு மடங்குக்குக் கொஞ்சம் மேல், அடி ஏறக்குறைய 17 மடங்கு. 10 அங்குல விட்டமும் 3 அங்குலக் கனமும் உள்ள ஈரக் கட்டை 3 கிலோவாவது இருக்கும். அதில் கால் பங்கு உடைந்து முகத்துக்கு வந்தால் என்ன ஆகும் என்று நான் விவரிக்க வேண்டியதில்லை.

இப்போது குமிழ் லேத்துக்கே உரிய வம்புக்கு வருகிறேன். பழைய படிப் புல்லி லேத்தில் வேகம் மாற்ற வேண்டுமானால் நிறுத்தி, மூடியைத் திறந்து, பெல்ட்டை இன்னொரு படிக்கு மாற்ற வேண்டும். எரிச்சலான வேலைதான். ஆனால் எந்தப் படியில் பெல்ட் இருக்கிறது என்று கண் ஒரு தடவை பார்த்துவிடும். குமிழ் லேத்தில் அது இல்லை. நேற்று சாயங்காலம் பேரனுக்குப் பம்பரம் கடைய 2500இல் வைத்திருப்பீர்கள். அப்படியே சிவப்புப் பொத்தானை அழுத்திவிட்டுப் போயிருப்பீர்கள். இன்று காலை 10 அங்குலக் கட்டையை மாட்டிப் பச்சையை அழுத்தினால் லேத்துக்கு நேற்றைய எண்தான் நினைவிருக்கும். குமிழ் வைத்த லேத்தில் கட்டை பறக்கிற கதைகளில் பெரும்பாலானவற்றை விசாரித்தால் இங்கேதான் வந்து நிற்கும்.

ஆகவே நிறுத்தும்போது முதலில் குமிழைக் கடைசிவரை இறக்குங்கள், அப்புறம் சிவப்பை அழுத்துங்கள். அடுத்த முறை பச்சையை அழுத்தும் முன் குமிழ் அடியில்தான் இருக்கிறதா என்று கையால் திருகிப் பாருங்கள். இரண்டையும் செய்ய வேண்டும், ஒன்று போதாது. நடுவில் வீட்டில் யாராவது குமிழைத் திருகி விளையாடியிருக்கலாம். சில லேத்துகள் குமிழ் பூஜ்யத்தில் இல்லாவிட்டால் கிளம்பாது. உங்களுடையது அந்த ரகமா என்று கட்டை எதுவும் மாட்டாமல், கட்டையைத் தாடைகளால் கவ்விப் பிடிக்கும் சக் (chuck) என்ற பிடிப்பானையும் கழற்றிவிட்டு, ஒரு முறை சோதித்துத் தெரிந்துகொள்ளுங்கள்.

இதைவிட நல்ல காப்பு பெல்ட்டிலேயே இருக்கிறது. குமிழ் லேத் பலவற்றில் உள்ளே இரண்டு அல்லது மூன்று புல்லிப் படிகளும் இருக்கும். வாங்கியவர்கள் நிறையப் பேர் நடுப்படியில் போட்டுவிட்டு மூடியைத் திறப்பதே இல்லை. கிண்ணம் கடையும் நாளில் பெல்ட்டைக் குறைந்த வேகப் படிக்கு மாற்றுங்கள். குமிழ் தவறிப்போய் முழுக்க ஏறினாலும் அந்தப் படிக்கு உண்டான உச்சத்துக்கு மேல் லேத் போக முடியாது. இன்னொரு லாபமும் உண்டு. மோட்டாரின் பின்னால் இருக்கும் விசிறி மோட்டாரோடு சேர்ந்து சுற்றுவது. உயர்ந்த படியில் பெல்ட்டைப் போட்டு, குமிழை மட்டும் இறக்கி மணிக்கணக்கில் ஓட்டினால் விசிறி மெதுவாகச் சுற்றி மோட்டார் சூடாகும், முக்கும். குறைந்த படியில் மோட்டார் வசதியான வேகத்தில் ஓடும், கட்டை மெதுவாகச் சுற்றும், இழுவையும் நன்றாக இருக்கும்.

திரையில் தெரியும் எண் என்ன என்பதையும் பார்த்துக்கொள்ளுங்கள். கடையில் தனியாக விஎஃப்டி (மோட்டாருக்குப் போகும் கரண்டின் அலைவெண்ணை மாற்றி வேகத்தைக் கூட்டிக் குறைக்கும் பெட்டி) வாங்கி மாட்டிய லேத்தில் திரை காட்டுவது பெரும்பாலும் ஹெர்ட்ஸ், சுற்று அல்ல. நாம் சாதாரணமாக வாங்கும், நாலு காந்த முனை உள்ள (4 pole) மோட்டார் 50 ஹெர்ட்ஸில் 1440 சுற்றுக்குப் பக்கத்தில் ஓடும். புல்லி விகிதம் பாதி என்றால் கட்டைக்கு 720 கிடைக்கும். புல்லி விகிதம் இரண்டு மடங்கு என்றால் அதே 50 ஹெர்ட்ஸில் 2880. திரையில் ஒரே எண், கட்டையில் நாலு மடங்கு வித்தியாசம். ஒவ்வொரு படிக்கும் கணக்குப் போட்டு ஒரு தாளில் எழுதி லேத் தலைக்கு மேல் ஒட்டிவிடுங்கள்.

கரண்ட் விஷயம் நம் ஊருக்கென்று தனியாகச் சொல்ல வேண்டும். மாதாந்திரப் பராமரிப்பு நிறுத்தத்தை முன்கூட்டியே அறிவித்துவிடுகிறார்கள், அது பிரச்சினை இல்லை. மழைக்காலத்தில் மலையில் மரக்கிளை கம்பியில் விழுந்து சட்டென்று போகும் கரண்ட்தான் பிரச்சினை. லேத் நிற்கும். நீங்கள் டீ குடிக்கப் போவீர்கள், அல்லது அந்த நேரத்தில் சக்கைத் திருப்பிக்கொண்டிருப்பீர்கள். கரண்ட் திரும்பி வந்தவுடன் லேத் தானாகக் கிளம்பினால்? கரண்ட் போனவுடன் தானே விழுந்து, வந்த பின்னும் நீங்கள் அழுத்தினால் ஒழியக் கிளம்பாத சுவிட்ச் இருக்கிறது. பச்சை, சிவப்புப் பொத்தானோடு வரும் பல லேத்துகளில் அது உள்ளேயே இருக்கும். வெறும் விளக்கு சுவிட்ச் மாதிரி மேலும் கீழும் போகும் சுவிட்ச் என்றால் எலக்ட்ரீஷியனிடம் சொல்லி மாற்றிவிடுங்கள். விஎஃப்டி வைத்திருந்தால், கரண்ட் வந்ததும் தானாக ஓடு என்ற அமைப்பு அதற்குள் அணைந்திருக்கிறதா என்று கையேட்டைப் பார்த்து உறுதிசெய்யுங்கள். எர்த் ஒழுங்காக இருக்க வேண்டும் என்பதைச் சொல்லவே வேண்டாம். ஏற்காடு மாதிரிப் பாறைப் பாங்கான இடத்தில் எர்த் குழி பெயருக்குத் தோண்டியிருப்பார்கள், அளந்து பார்க்கச் சொல்லுங்கள். விஎஃப்டி பெட்டியைத் திறக்க வேண்டியிருந்தால் கரண்டை நிறுத்திச் சில நிமிடம் காத்திருக்க வேண்டும், உள்ளே கபாசிட்டரில் மின்சாரம் தங்கியிருக்கும். அந்த வேலையை நீங்கள் செய்யாமல் இருப்பதே நல்லது. மலைப் பனியில் ஈரம் கோத்துக்கொள்ளும், பெட்டியைச் சுவரோடு ஒட்டி வைக்காமல் உலர்ந்த இடத்தில் வையுங்கள்.

நிற்கும் வேகத்தையும் கவனியுங்கள். சக்கும், கட்டையைத் திருகு போட்டு மாட்டும் தட்டான பேஸ்பிளேட்டும் சுழலும் தண்டில் திருகு மரையால்தான் மாட்டியிருக்கின்றன. லேத் வழக்கமான திசையில் ஓடும்போது கடைசல் விசை அவற்றை இறுக்கும். ஒரே நொடியில் பிரேக் போட்ட மாதிரி நிற்கும்படி விஎஃப்டியை அமைத்திருந்தால் தண்டு நின்றுவிடும், கனமான கட்டை நிற்க மனசில்லாமல் சுற்றிக்கொண்டே மரையைக் கழற்றிவிடும். கனமான வேலைக்கு நிற்கும் நேரத்தைச் சில நொடிகள் தள்ளி வைப்பது நல்லது. பின்திசையில் ஓட்டி உப்புத்தாள் போடுகிறவர்களுக்கும் இதே ஆபத்துதான். சக்கில் பூட்டுத் திருகு இருந்தால் அதை இறுக்கிவிட்டுத்தான் பின்திசைக்குப் போக வேண்டும், இல்லாவிட்டால் பின்திசையை மறந்துவிடுங்கள். கையால் சக்கைப் பிடித்து நிறுத்தும் பழக்கம் சில பழைய பட்டறைகளில் உண்டு. பார்க்க ஸ்டைலாக இருக்கும், பார்ப்பதோடு சரி.

கட்டை. உங்கள் கேள்வியில் இதைப் பற்றி ஒன்றும் இல்லை, ஆனால் சில்வர் ஓக் என்றதும் எனக்கு இதுதான் முதலில் ஓடியது. சேர்வராயன் மலையில் காப்பிக்கு நிழலாகவும் மிளகுக் கொடி ஏறவும் வளர்க்கிற மரம். ஆரங்கள் பளபளவென்று தெரியும் அழகான மரம், கடையவும் மிருதுவாக இருக்கும். தோட்டத்து ஓர மரம் என்றால் எப்போதோ முள்வேலி கட்ட அடித்த ஆணியும் கம்பியும் உள்ளே மூழ்கி, மேலே பட்டை மூடியிருக்கும். சேலத்துச் சாலை மரங்களில் போர்டு மாட்டிய ஆணி, பழைய வீடு இடித்த உத்தரத்தில் வளையம், கொக்கி என்று எல்லாவற்றிலும் இது உண்டு. நல்ல காந்தம் ஒன்றை மேலே நகர்த்திப் பார்க்கலாம். ஆழத்தில் இருப்பது காந்தத்துக்குத் தெரியாது, அதற்கு உலோகம் கண்டுபிடிக்கும் சின்னக் கருவி விற்கிறது. கருநீலக் கறை மரத்தில் தெரிந்தால் உள்ளே இரும்பு இருக்கலாம் என்று சந்தேகப்படுங்கள்.

அடுத்தது வெடிப்பு. விழுந்து வெயிலில் கிடந்த கட்டையின் இரு முனையிலும் நடுவிலிருந்து நட்சத்திரம் மாதிரி வெடித்திருக்கும். கட்டையை நீளவாக்கில் இரண்டாக அறுத்து, நடுச் சோறு பகுதியை, அதாவது மரத்தின் நட்ட நடு மையத்தை, முழுக்க ஒதுக்கிவிட்டுத்தான் கிண்ணத்துக்குக் கட்டை எடுக்க வேண்டும். எடுத்த கட்டையை விரல் முட்டியால் தட்டிப் பாருங்கள். கணீரென்று வராமல் பொத்தென்று வந்தால் உள்ளே பிளவு இருக்கலாம். சந்தேகம் வந்த கட்டையை அடுப்புக்குப் போட்டுவிடுங்கள். தோட்டத்தில் இன்னும் நூறு கட்டை இருக்கும், இதை ஒட்டிக் கட்டிக் காப்பாற்ற வேண்டிய கட்டாயம் ஒன்றுமில்லை. பச்சைக் கட்டையைச் சக்கில் மாட்டி ராத்திரி அப்படியே விட்டால் காலையில் மரம் சுருங்கி, பிடி தளர்ந்து, உருண்டையும் கோணியிருக்கும். மறுநாள் ஓட்டும் முன் சக்கை மறுபடி இறுக்குங்கள். இன்னும் நல்லது, கழற்றி வைத்துவிடுவது. சில்வர் ஓக் தூளும் சாறும் சிலருக்குத் தோலில் அரிப்பும் கொப்புளமும் வரவழைக்கும். முதல் நாள் கொஞ்சமாகக் கடைந்து, கை எப்படி இருக்கிறது என்று பாருங்கள். அப்புறம், சாய்ந்த மரம்தானே என்று நின்றுகொண்டிருக்கும் மரத்தையும் சேர்த்து வெட்டிவிடாதீர்கள். மலையில் மரம் வெட்ட அனுமதி விவகாரம் இருக்கிறது, மச்சானுக்குத் தெரிந்திருக்கும்.

மாட்டுவது. பேஸ்பிளேட்டுக்கு ஜிப்சம் பலகைக்குப் போடும் கறுப்புத் திருகு வேண்டாம், அது கடினம் ஆனால் மொறுமொறுப்பு, பக்கவாட்டு அடியில் முறியும். தடித்த மரத் திருகு போடுங்கள், துளை எல்லாவற்றிலும் போடுங்கள், நார் குறுக்கே வெட்டுப்பட்ட முனைப் பக்கத்தில் போடாதீர்கள். நாலு தாடைச் சக்கில் பிடிப்பதானால் கட்டையின் அடியில் ஒரு குட்டைக் கழுத்து கடைந்து, கழுத்தின் தோள் தாடைகளின் முகத்தில் இடைவெளி இல்லாமல் படிந்து உட்கார வேண்டும். கழுத்து சக்கின் அடியில் இடித்தால் தோள் உட்காராது, பிடி பொய். தாடை சக்கின் உடம்பைத் தாண்டி வெளியே நீட்டிக்கொண்டிருக்கும் அளவுக்குத் திறக்காதீர்கள். பிடியும் குறையும், விரல் முட்டியும் உடையும். சக்குச் சாவியைச் சக்கில் விட்டுவிட்டு எங்கும் போகாதீர்கள், ஒரு நொடிக்கும் கூட. கட்டையின் மறுமுனையைத் தாங்கும் டெயில்ஸ்டாக்கை எவ்வளவு நேரம் முட்டுக் கொடுத்து வைக்க முடியுமோ அவ்வளவு நேரம் வையுங்கள். கிண்ணத்தின் வெளிப்பக்கம் முழுக்க அதன் முட்டிலேயே கடைந்துவிடலாம். உள்ளே குடையும்போதுதான் அதை விலக்க வேண்டியிருக்கும். நடுவில் குமிழி மாதிரி மரத்தை விட்டுவிட்டுக் குடைந்தால் அப்போதும் பாதி வேலைக்கு முட்டு இருக்கும்.

மாட்டியாயிற்று. குமிழ் அடியில். உளியைத் தாங்கும் டூல் ரெஸ்ட், கட்டையிலிருந்து 3 முதல் 6 மி.மீ. தள்ளி, நெம்புகோல் இறுக்கி. கட்டையைக் கையால் ஒரு முழுச் சுற்று சுற்றிப் பாருங்கள், எங்கும் இடிக்கக் கூடாது. அதன்பின் பச்சையை அழுத்தும்போது கட்டைக்கு நேர் எதிரே நிற்காதீர்கள். சுற்றும் கட்டையிலிருந்து துண்டு பிய்ந்தால் அது சுற்றும் தளத்திலேயேதான் பறக்கும், விளிம்பின் நேர் கோட்டில். கட்டையைச் சுழற்றும் தலைப்பகுதியான ஹெட்ஸ்டாக் பக்கமாக ஓரடி தள்ளி நின்று அழுத்துங்கள், வேகம் ஏற்றும்போதும் அங்கேயே நில்லுங்கள், சத்தம் சீராக வந்தபின் உளியோடு வாருங்கள். வேலைக்கு நடுவில் சத்தம் மாறினால், டக் டக் என்று ஒரு தாளம் வந்தால், அது என்ன என்று குனிந்து பார்க்காமல் முதலில் அணையுங்கள். பொத்தான் கட்டைக்கு அந்தப் பக்கம் இருக்கிற லேத்துகள் உண்டு. அப்படியானால் காலால் உதைத்து அணைக்கும்படி ஒரு நிறுத்துப் பொத்தானைக் கீழே வைக்கச் சொல்லி எலக்ட்ரீஷியனிடம் கேளுங்கள். டூல் ரெஸ்ட்டை நகர்த்துவது லேத் நின்ற பிறகுதான். உப்புத்தாள் போடும்போது ரெஸ்ட்டை முழுசாகக் கழற்றிவிடுங்கள், விரல் மாட்டிக்கொள்ள இடம் இருக்கக் கூடாது.

உளி பிடிக்கும் வரிசை ஒன்றுதான், அதை மட்டும் உடம்புக்குப் பழக்கிவிடுங்கள். முதலில் உளியின் தண்டு ரெஸ்ட்டில் பட வேண்டும். அப்புறம் சாணை பிடித்த சரிவு மரத்தில் உரச வேண்டும், இன்னும் வெட்டாமல். கடைசியாகப் பிடியை மெல்ல உயர்த்தினால் வாய் வெட்டத் தொடங்கும். இதைத் தலைகீழாகச் செய்து, வாய் மரத்தில் முதலில் பட்டு ரெஸ்ட்டில் தண்டு அப்புறம் இறங்கினால், மரம் உளியை ஓங்கி அறையும். இரண்டுக்கும் நடுவில் உங்கள் விரல் இருக்கும். பூ மாதிரிச் சுருள் வந்தால் சரியாகப் போகிறது. மாவாகத் தூள் வந்தால் உளி மழுங்கிவிட்டது, சாணைக்குப் போங்கள். கட்டில் கால் போல நீள வேலையில் பருத்த இடத்திலிருந்து மெலிந்த இடத்தை நோக்கிக் கடைய வேண்டும். கிண்ணத்தின் வெளியில் அடியிலிருந்து விளிம்பை நோக்கி, உள்ளே விளிம்பிலிருந்து நடுவை நோக்கி. மரத்தின் நார்ப் போக்கு அப்படி.

இதில் ஒன்றைக் கல்லில் வெட்டியதாக வைத்துக்கொள்ளுங்கள். லேத்தோடு வந்த உளிப் பெட்டியில் அகலமான, பாதிக் குழாய் மாதிரியான குழி உளி, ரஃபிங் கௌஜ், ஒன்று இருக்கும். சதுரக் கட்டையை உருட்ட மட்டும்தான் அது. பார்க்க முரட்டுத்தனமாக இருப்பதால் புதிதாக வருகிறவர்கள் அதைத்தான் கிண்ணத்துக்கு எடுப்பார்கள். அது பெரும்பாலும் தகட்டை வளைத்துச் செய்தது, பிடிக்குள் போகும் வால் மெல்லியது. கிண்ணத்தில் ஒரு சுற்றுக்கு இரண்டு தடவை நாரின் வெட்டு முனை வந்து மோதும். மாட்டிக்கொண்டால் வால் முறிந்து, உளி உங்களை நோக்கி வரும். கிண்ணத்துக்கு முழு உருளைக் கம்பியில் குழி எடுத்த கிண்ண கௌஜ் தனியாக வாங்குங்கள். ஒரு நல்ல கிண்ண கௌஜ், பெட்டியில் வந்த எட்டு உளியையும் விட மதிப்பு.

உடுப்பு. பட்டறையில் லுங்கியும் தோளில் துண்டும் வழக்கம்தான், ஆனால் லேத் பக்கத்தில் அந்தத் துண்டுக்கு இடமில்லை. முழுக்கைச் சட்டையை முழங்கைக்கு மேல் இறுக்கமாக மடியுங்கள். மோதிரம், கைக்கடிகாரம், கழுத்துச் சங்கிலி கழற்ற வேண்டும். கோயிலில் கட்டிய கயிற்றைக் கழற்ற மனம் வராதவர்கள் மணிக்கட்டில் இறுக்கமான மீள்பட்டை போட்டு மூடிக்கொள்ளட்டும். வீட்டுப் பெண்கள் கடையவந்தால் துப்பட்டா வேண்டாம், முடியைக் கொண்டை போட்டு மூட வேண்டும். கையுறை கூடவே கூடாது. கை வெட்டுப்படாமல் இருக்கத்தானே என்பார்கள். சுற்றும் கட்டை கையுறையின் ஒரு நூலைப் பிடித்தால் விரலையும் சேர்த்துத்தான் இழுக்கும். பாலிஷ் போடும் துணியை விரலில் சுற்றிப் பிடிப்பதும் அதே வகை. துணிக்குப் பதில் எளிதில் கிழியும் காகிதத் துடைப்பானை மடித்துப் பிடியுங்கள், மாட்டினால் காகிதம் போகும்.

சாதாரணக் கண்ணாடி தூசிக்குச் சரி, பறக்கும் கட்டைக்கு அல்ல. நெற்றியிலிருந்து தாடை வரை மூடும் பாலிகார்பனேட் முகக் கவசம் வாங்குங்கள். சேலத்து ஏப்ரல், மே வெயிலில் அதற்குள் வியர்வை ஊற்றி, ஆவி படிந்து, கழற்றி எறியத் தோன்றும். மலையில் உங்களுக்கு அந்தச் சிரமம் குறைவு. மரத்தூளைச் சர்வதேசப் புற்றுநோய் ஆய்வு நிறுவனம் 1995லேயே மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்கும் பொருட்களின் முதல் வகுப்பில் வைத்துவிட்டது. மூக்கு, அதைச் சுற்றிய எலும்புக் குழிகள்தான் முக்கியமாகப் பாதிக்கப்படுபவை. கடையும்போது வரும் சுருளை விட உப்புத்தாளில் எழும் கண்ணுக்குத் தெரியாத தூள்தான் கெடுதல். என்95 முகமூடி போடுங்கள், கைக்குட்டை கட்டுவது பயன்படாது. மேசை விசிறியை முகத்துக்கு எதிரே வைக்காமல் உங்கள் பின்பக்கவாட்டில் வைத்து, தூள் ஜன்னலை நோக்கிப் போகும்படி திருப்புங்கள்.

தீ பற்றி இரண்டே வரி. சாணை பிடிக்கும் பொறி சுருள் குவியலில் விழாமல் கிரைண்டரைத் தள்ளி வையுங்கள். ஆளி விதை எண்ணெய் பூசிய துணியைச் சுருட்டிப் போட்டால் அது தானே சூடேறிப் பற்றிக்கொள்ளும்; விரித்துக் காயப்போட்டு, அல்லது தண்ணீரில் நனைத்து எறியுங்கள்.

லேத்தை மலையில் வைப்பது பற்றி எனக்கு ஒரு தயக்கம் இருக்கிறது, சொல்லிவிடுகிறேன். சேலத்தில் அடி பட்டால் ஆட்டோ பிடித்து அரசு மோகன் குமாரமங்கலம் மருத்துவமனைக்குப் போய்விடலாம். ஏற்காட்டிலிருந்து கண்ணைப் பொத்திக்கொண்டு 20 கொண்டை ஊசி வளைவு இறங்க வேண்டும். தோட்ட வீட்டில் தனியாகக் கடையாதீர்கள். கூப்பிட்டால் கேட்கும் தூரத்தில் ஒரு ஆள் இருக்கட்டும், அந்த ஆளுக்கு மெயின் சுவிட்ச் எங்கே என்று காட்டி வையுங்கள். போன் சட்டைப் பையில் இல்லாமல், சிக்னல் கிடைக்கும் ஜன்னல் பக்கம் இருக்கட்டும், 108க்கு அடிக்க வேண்டியிருந்தால் உதவும். முடிந்தால் முதல் சில மாதம் லேத்தை அஸ்தம்பட்டி வீட்டிலேயே வைத்துப் பழகிவிட்டு அப்புறம் மேலே கொண்டுபோங்கள். ஸ்டாண்டைத் தரையில் போல்ட் போட்டு இறுக்குங்கள், கீழ்த்தட்டில் இரண்டு மணல் மூட்டை வையுங்கள். பாதி நடுக்கம் அதிலேயே அடங்கும்.

பழகுவதற்குக் கிண்ணத்தில் ஆரம்பிக்காதீர்கள். 2 அங்குலச் சதுரக் கட்டை, ஒரு அடி நீளம், இரண்டு முனையிலும் முட்டுக் கொடுத்து மாட்டி, குறைந்த வேகத்தில் உருட்டி, அப்புறம் 1500க்கு ஏற்றிப் பூரிக்கட்டை, மத்துக் காம்பு என்று கடையுங்கள். பூவரசு கிடைத்தால் அருமை, வேம்பும் பரவாயில்லை. உளி மாட்டிக்கொள்ளாமல் ஒரு பூரிக்கட்டையை முடிக்கிற நிலை வந்தபின் கிண்ணத்துக்கு வாருங்கள், அதுவும் 6 அங்குலத்தில். லேத் பெட்டியில் 12 அங்குலம், 14 அங்குலம் என்று போட்டிருப்பது உள்ளே அவ்வளவு பெரிய கட்டை இடிக்காமல் சுற்றும் என்பதை மட்டும்தான் சொல்கிறது. 1 எச்பி மோட்டாரும் அந்த ஸ்டாண்டும் ஈரமான 12 அங்குலக் கட்டையைத் தாங்கும் என்று அது உத்தரவாதம் தரவில்லை.

அதுவரை கட்டைகள் கெட்டுப்போகாமல் இருக்க வேண்டுமே. இன்றைக்கே மச்சானுக்கு போன் போட்டு, கட்டைகளை வெயிலிலிருந்து நிழலுக்கு நகர்த்தி, தரையில் படாமல் குறுக்குக் கட்டை மேல் ஏற்றி, இரு முனையிலும் மெழுகோ பழைய பெயின்ட்டோ கனமாகப் பூசி வைக்கச் சொல்லுங்கள். ஏற்கெனவே முனை வெடித்திருந்தால் வெடிப்பு முடியும் இடம் வரை அறுத்துவிட்டுப் பூச வேண்டும், வெடிப்பின் மேல் பூசிப் பயனில்லை.